சொல்வதா, விடுவதா?

பலதுறைத் தொழிற்கல்லூரியில் முன்கூட்டியே சேர விண்ணப்பிக்கும் உயர்நிலை நான்கு மாணவர்கள், தாங்கள் தேர்ந்தெடுத்த பாடப்பிரிவில் தங்களுக்குள்ள நாட்டத்தை விளக்கிச் சுருக்கமாக எழுத வேண்டும். உடற்குறை உள்ள மாணவருக்கு அப்போது ஒரு கேள்வி எழுகிறது: அதைச் சொல்வதா, விடுவதா?

கேட்கும் திறன் குறைந்த ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். அவள் கட்டடக்கலை பயில விரும்புகிறாள். தன் முதல் வரைவை மருத்துவப் பரிசோதனை, செவித்துணைக் கருவி, தோழர்களின் கேலி என்று நிரப்பிவிட்டாள்.

“இதைப் படிப்பவர் உனக்காக வருந்துவார். நீ ஏன் கட்டடக்கலை படிக்க விரும்புகிறாய் என்பது அவருக்குத் தெரியுமா?” என்று கேட்டார் ஆசிரியர்.

அவளுக்குச் சுருக்கென்றது. “அப்படியானால் மறைத்துவிடட்டுமா, ஐயா?”

“மறைக்கச் சொல்லவில்லை. சிற்றுண்டிச்சாலையில் நீ எங்கே உட்காருவாய்?”

செவித்துணைக் கருவி பேச்சை மட்டுமன்றித் தட்டுகளின் ஓசையையும் பெரிதாக்கும். ஆகவே, அவள் எப்போதும் சுவரை ஒட்டிய மூலை மேசையையே நாடுவாள். திரைச்சீலை தொங்கும் அறையில் பேச்சு தெளிவாகக் கேட்கும், வெறும் சிமெண்டுச் சுவர்கள் உள்ள மண்டபத்தில் எதிரொலிக்கும் என்பதைத் தொடக்கப்பள்ளியிலேயே அறிந்திருந்தாள். இரண்டாம் வரைவு அந்த மூலை மேசையில் தொடங்கியது. குறைபாட்டைப் பற்றி ஒரே வாக்கியம். எஞ்சியவை எல்லாம் அறைகளைப் பற்றி.

எல்லாரும் இப்படி எழுதியாக வேண்டும் என்பதில்லை. பாடப்பிரிவோடு தொடர்பில்லையெனில் உடற்குறையைக் குறிப்பிடாமலே எழுதலாம், அது பொய்யாகாது. கற்றலுக்குத் தேவைப்படும் உதவி வேறு. அதற்கெனக் கல்லூரிகளில் தனி ஆதரவு அலுவலகம் உண்டு. முன்வரிசை இருக்கை வேண்டும் என்பதை அவள் அங்கே சொல்லிக்கொள்ளலாம்.