நிருபத்தை எழுதிய கை எது?

கேள்வி: வேதாகம நூல்களை எழுதியவர் யார் என்ற ஐயம், அவை தேவ ஆவியால் அருளப்பட்டவை என்ற விசுவாசத்தைக் குலைக்குமா? (வாசகர், ஆயக்குடி)

பதில்: எல்லா நூல்களுக்கும் ஒரே விடை பொருந்தாது. எபிரெயர் நிருபத்தில் ஆசிரியர் பெயரே இல்லாததால், அது பவுல் எழுதியதன்று என்போரும் சுவிசேஷ சபைகளில் தயக்கமின்றி நிலைத்திருக்கின்றனர். ரோமர் 16:22இல், பவுல் சொல்லச் சொல்ல எழுதிய தெர்தியு தன் பெயரிலேயே வாழ்த்துக் கூறுவதால், தேவ ஆவியின் அருளல் மனிதக் கையை விலக்கவில்லை என்பதும் தெளிவு.

உண்மையான பிணக்கு பேதுருவின் இரண்டாம் நிருபம் போன்றவற்றில்தான். அதன் கிரேக்க நடை முதல் நிருபத்தினின்று பெரிதும் வேறுபடுவதால், அதைப் பிற்காலச் சீடர் ஒருவர் எழுதினார் என்று வரலாற்றுத் திறனாய்வாளர் பலர் கருதுகின்றனர். வேதாகமம் பிழையற்றது என்னும் கோட்பாட்டை வகுத்துரைத்த 1978ஆம் ஆண்டுச் சிகாகோ அறிக்கையோ, நூல் தானே கூறும் ஆசிரியரை மறுக்கும் ஆய்வை ஏற்பதில்லை. எழுத்தர் மாறியதே நடை மாறியதற்குக் காரணம் என்று ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன்பே சபைப் பிதாவான ஜெரோம் தந்த விளக்கம், எளிதில் தள்ளத்தக்கதன்று.