செய்திப் பகிர்வுத் தளங்களும் சிறு வியாபாரியும்

வாசகர்களே செய்திகளைக் கொண்டுவந்து சேர்த்து, வாசகர்களே வாக்களித்து மேலே ஏற்றுகிற சமூகச் செய்திப் பகிர்வுத் தளங்களால் இணைய வியாபாரத்துக்கு இன்னும் பிரயோஜனம் உண்டா என்று, விளம்பர விஷயங்களில் என் யோசனையை நாடிவரும் சிறு வணிகர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். உண்டு என்பதே என் அபிப்பிராயம். ஆனால் முன்பு நாம் எதற்காக அவற்றை நாடினோமோ, அதற்காக அல்ல.

முன்பு நாடியது கூட்டத்துக்காக. 2004-இல் கெவின் ரோஸ் முதலானோர் தொடங்கிய டிக் தளத்தின் முகப்பில் ஒரு கட்டுரை ஏறிவிட்டால், சிறிய சர்வர்கள் தாங்கமாட்டாமல் முடங்கிப்போகும் அளவுக்கு ஜனங்கள் வந்து குவிவார்கள். தமிழிலும் தமிழ்மணம், தமிழிஷ் போன்ற திரட்டிகளில் முன்வரிசைக்கு வருவதில் பதிவர்களுக்கு இருந்த உற்சாகம் அக்காலத்தில் எழுதியவர்கள் அறிந்ததே. ஆயினும், தேர் பார்க்க வந்தவர்கள் தேர் நகர்ந்ததும் தாமும் நகர்ந்துவிடுவதைப்போல, அந்தக் கூட்டம் அடுத்த செய்தி மேலேறியதும் போய்விடும்; பொருள் வாங்கியவர் அதில் மிகச் சொற்பம். சுட்டிகளால் தேடுபொறியில் கிடைத்துவந்த அனுகூலமும், இந்தச் சுட்டியைக் கணக்கில் கொள்ளவேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும், 2005-இல் அறிமுகமான நோஃபாலோ குறியைத் தளங்கள் பலவும் நாளடைவில் கைக்கொண்டதால் குன்றிப்போயிற்று.

டிக் தளத்தின் வீழ்ச்சியை ஒவ்வொரு வியாபாரியும் சிந்திக்கவேண்டும். 2010 ஆகஸ்டில் வெளியான அதன் புதிய வடிவம், பெரிய பத்திரிகைகள் தங்கள் செய்திகளைத் தாமே நேராகக் கொண்டுவந்து கொட்டுவதற்கு வழிசெய்து, வாசகனுடைய தேர்வைச் சிறுமைப்படுத்தியது. மனம் கசந்த அங்கத்தினர்கள் திரள்திரளாக அதே வகைத் தளமான ரெடிட்டுக்குப் போனார்கள். இரண்டே ஆண்டுகளில் டிக் சொற்ப விலைக்குக் கைமாறியது. விற்பவனுடைய குரல் ஓங்கிய இடத்தில் வாசகன் தங்குவதில்லை என்பதை நான் அப்போதுதான் ஸ்பஷ்டமாக உணர்ந்தேன்.

ஆகவே, ஃபில்டர் காப்பிப் பொடி விற்கும் நண்பர் ஒருவர் யோசனை கேட்டபோது, ரெடிட்டில் காப்பிப் பிரியர்கள் கூடும் குழுவில் சேர்ந்து, கடையின் பெயரை எடுக்காமல், தமக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள் என்றேன். டிக்காஷன் ஏன் இறங்கமாட்டேன் என்கிறது என்று யாரேனும் கேட்டால், பொடி மாவாக அரைபட்டிருந்தால் வடிகட்டியின் துளைகள் அடைபடும், மேல்தட்டை அழுத்தி வைத்தாலும் அப்படியே என்று படத்தோடு விளக்குவார். சிக்கரி கலப்பைப் பற்றிய சந்தேகத்துக்கு, நம் நாட்டுச் சட்டப்படி அது நூற்றுக்கு 49-ஐத் தாண்டலாகாது என்பதையும், அதற்கு வெகு கீழே நின்றால்தான் காப்பியின் வாசனை நிற்கும் என்ற தம் அனுபவத்தையும் சொல்லுவார். சில மாதங்களில், பொடி எங்கே வாங்கலாம் என்று கேட்டவர்களுக்குப் பிறரே அவர் கடையைச் சொல்லத் தொடங்கினார்கள்.

இவ்விடத்தில் அவசியம் கவனிக்கவேண்டிய ஒன்று: இப்பதில்கள் ஒருநாளில் மறைவதில்லை. ரெடிட்டின் பழைய உரையாடல்களைத் தேடுபொறிகள் முன்னிறுத்துவதால், என்றோ எழுதிய பதிலை இன்று ஒருவர் படிக்கிறார். அன்றைய வருகைக் கணக்கைப் பார்த்துச் சோர்வடையாமல், கடையின் பெயரையே தட்டித் தேடி வருபவர்கள் மாதந்தோறும் பெருகுகிறார்களா என்று பாருங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் தனி விதிகள் உண்டு. அவற்றை வாசியாமல் சுட்டி இடவேண்டாம். கேட்டால் மட்டும் கொடுங்கள். கொடுக்கையில் கடை உங்களுடையது என்பதை மறைக்காதீர்கள். வாக்குகளை விலைக்கு வாங்கித் தருகிறோம் என்போரை அண்டவே விடாதீர்கள்.

விற்பனையைவிட மேலான லாபம் ஒன்றும் என் நண்பருக்குக் கிடைத்தது. மறுபடி மறுபடி வந்த கேள்விகளைக் குறித்துவைத்து, அரைப்பின் பதத்தையும் வறுத்த தேதியையும் பொட்டலத்தின் மேலேயே அச்சிடச் செய்தார். அதன்பிறகு, பொடி சரியில்லை என்று திருப்பி அனுப்புவோர் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள்.