ரிப்பேர் ஓய்ந்தது வேறு, முடிந்தது வேறு

கசாண்ட்ரா கிளஸ்டர்களை நடத்தும் நாம், நோடுகளில் உள்ள தரவுப் பிரதிகளை ஒத்துப்போகச் செய்யும் ரிப்பேர் பற்றித் தெரிந்துகொள்வது பெரும்பாலும் பக்கத்து இருக்கைக்காரரிடமிருந்துதான். அவர் யாரிடம் கேட்டார் என்று நாம் கேட்பதில்லை.

“டெர்மினல் அறுந்தால் ரிப்பேரும் நின்றுவிடும்” என்பது அப்படி வந்த நம்பிக்கை. ஆனால் நாம் கட்டளை ஏவும் நோட்டூல் வெறும் தூதுவன். ஜேஎம்எக்ஸ் வழியே நோடுக்கு உத்தரவைச் சேர்த்துவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கிறது. கன்ட்ரோல்-சி அழுத்தினால் தூதுவன்தான் போவான். நோடுகளுக்குள் வேலை தொடரும். அறிவிப்பு தவறியது, சர்வர் லாகைப் பாருங்கள் என்று நோட்டூலே சில சமயம் எழுதுகிறது. அதைப் படிக்காமல் கட்டளையை மறுபடி ஏவுகிறோம். ஒரே தரவின் மீது இரண்டு ரிப்பேர் ஓடி, டிஸ்க் திணறுகிறது.

“கம்பாக்‌ஷன்ஸ்டாட்ஸிலும் நெட்ஸ்டாட்ஸிலும் ஒன்றும் இல்லை, ஆகவே முடிந்தது” என்பது அடுத்தது. மெர்க்கிள் மரம் கட்டும் வேலிடேஷன் முன்னதில் தெரியும். வேறுபட்ட தரவை அனுப்பும் ஸ்ட்ரீமிங் பின்னதில் தெரியும். ஆனால் இரண்டும் அந்தந்த நோடின் நிலையை மட்டுமே காட்டுபவை. ஒரு ரேஞ்ச் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் இரண்டும் காலியாக இருக்கும். பாதியில் செத்துப்போன ரிப்பேரும் அப்படியேதான் தெரியும். பல நேரம் ஊகம் சரியாக அமைந்துவிடுவதால் இந்தப் பழக்கம் போக மறுக்கிறது.

“நூறு சதவீதம் காட்டியதே!” என்பார்கள். அந்த எண்ணிக்கையில் தோற்ற செஷன்களும் சேர்த்தி.

பார்க்க வேண்டிய இடம் வேறு. 2.2 பதிப்பு முதல் சிஸ்டம் டிஸ்ட்ரிபியூட்டட் கீஸ்பேஸில் பேரன்ட் ரிப்பேர் ஹிஸ்டரி என்ற அட்டவணை இருக்கிறது. முடிந்த நேரம் காலியாக இருந்தால் ரிப்பேர் இன்னும் ஓடுகிறது, அல்லது அதை நடத்திய நோடு இடையில் விழுந்திருக்கிறது. நேரம் பதிவாகியிருந்தாலும் போதாது. தோல்விக்கும் நேரம் பதிவாகும். கேட்ட ரேஞ்ச்கள் அனைத்தும் வெற்றி பெற்ற ரேஞ்ச்களின் பட்டியலில் இருக்கின்றனவா என்று ஒப்பிட வேண்டும். பிஆர் கொடி போட்டு ஓட்டுகிறவர்கள் இதை ஒவ்வொரு நோடுக்கும் செய்தாக வேண்டும்; அந்தக் கொடியோடு ஓடும் ரிப்பேர், ஓட்டிய நோடின் முதன்மை ரேஞ்ச்களை மட்டுமே தொடுகிறது.

“முடியாவிட்டால்தான் என்ன, அடுத்த வாரம் பார்ப்போம்” என்பதுதான் மிக விலையுயர்ந்த நம்பிக்கை. கசாண்ட்ராவில் அழிப்பது என்றால் டூம்ஸ்டோன் என்ற குறி எழுதுவது. ஒரு நோடு படுத்திருந்தால் அதற்கான ஹின்ட்கள் இயல்பாக 3 மணி நேரத்துக்குத்தான் சேர்த்து வைக்கப்படும். அதன்பின் வந்த அழிப்புகளை அந்த நோடிடம் உறுதியாகக் கொண்டுசேர்ப்பது ரிப்பேர்தான். டூம்ஸ்டோனைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய காலமான ஜிசி கிரேஸ் இயல்பாக 8,64,000 விநாடி, அதாவது 10 நாள். அது கடந்தபின் மற்ற நோடுகள் கம்பாக்‌ஷனில் குறியைத் தூக்கி எறியலாம். அப்போது அழிப்பை அறியாத நோடிடம் உள்ள பழைய வரிசையே ஒரே சாட்சி. அடுத்த ரிப்பேர் அதைத்தான் எல்லா நோடுகளுக்கும் பரப்பும். நீக்கிய வாடிக்கையாளர் கணக்கு உயிரோடு திரும்பிவரும். லாகில் பிழை என்று ஒரு வரிகூட இருக்காது. டேட்டாபேஸைப் பொறுத்தவரை அது செய்தது சரியான வேலைதான்.