பீடிப் புகையும் பி53 புரதமும்

பீடி சுற்றும் தொழில் அம்பாசமுத்திரம், முக்கூடல் வட்டாரத்தில் பல வீடுகளில் உலை வைக்கிறது. சுற்றும் பெண்களின் உடல்நலத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே பேச வந்தது, “பீடி வெறும் இலைதானே, சிகரெட் மாதிரி கெடுதல் இல்லை” என்ற நம்பிக்கையை. அது தவறு. இலைக்குள் இருப்பது புகையிலை. அணைந்துவிடாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால் உள்ளே போகும் தாரும் நஞ்சும் சிகரெட்டுக்குக் குறைந்தவை அல்ல.

“எங்க வம்சத்துலயே யாருக்கும் கேன்சர் கிடையாது, அந்த ஜீன் நமக்கு இல்ல” என்பது அடுத்த தவறான நம்பிக்கை. புற்றுநோயோடு தொடர்புடைய மரபணுக்கள் எல்லார் உடம்பிலும் உண்டு; செல் வளரவும் பிரியவும் அவை வேண்டும். எது எப்போது இயங்க வேண்டும், எப்போது அடங்கியிருக்க வேண்டும் என்பதே கேள்வி. நதியுண்ணிக் கால்வாயில் தண்ணீர் ஒன்றுதான். திறக்கும் மடையைப் பொறுத்தே வயல் நனைகிறது. டி.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு மரபணுக்களை அப்படி இயக்கியும் அடக்கியும் வைக்கும் புரதங்களைப் படியாக்கக் காரணிகள் என்பார்கள். நம் உடலில் சுமார் 1,600 இருக்கின்றன.

1979இல் கண்டறியப்பட்ட பி53 அவற்றில் ஒன்று. டி.என்.ஏ. பழுதானால் அது பி21 என்ற மரபணுவை இயக்கிச் செல் பிரிவதை நிறுத்தும். பழுது தீராவிட்டால் அந்தச் செல்லையே சாகவைக்கும் மரபணுக்களை இயக்கும். புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் கெட்டிருப்பது பி53-இன் மரபணுதான். அதிலும் பெரும்பாலும், புரதம் டி.என்.ஏ.வைப் பற்றும் பகுதி. புகையிலைப் புகையிலுள்ள பென்சோபைரீன் அந்த மரபணுவில் எங்கே ஒட்டுகிறது என்று 1996இல் ஆராய்ந்து பார்த்தார்கள். நுரையீரல் புற்றில் அடிக்கடி பழுதாகியிருக்கும் அதே இடங்கள்! இது பாட்டன் கொடுத்த குறையல்ல, புகை கொடுத்தது. புற்றுநோய்களில் பரம்பரையாக வருபவை 5 முதல் 10 விழுக்காடுதான்.

பீடியைத் தொடாத பெண்ணுக்குக் கருப்பைவாய்ப் புற்று வந்தால் அவள் நடத்தையைப் பேசுகிறார்களே, அதுதான் மனத்தை அறுக்கிறது. காரணம் ஹெச்.பி.வி. என்ற மிகப் பரவலான வைரஸ். அதன் ஈ6 புரதம் பி53-ஐ அழித்துவிடுகிறது. அந்த வைரஸுக்குத் தடுப்பூசி இருக்கிறது; நோயை முன்கூட்டியே கண்டறியவும் வழி உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய பரிசோதனையை ஒரே ஒரு சுற்று நடத்தி, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் தந்தார்கள். இந்நோயால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடு குறைந்ததென்று 2007இல் முடிவு வெளியானது.