உருகிக் கம்பி: அளவறிந்து வாங்குக

மின்விளக்கு எரியாத கிராமம் இன்று நம் மாநிலத்தில் காண்பதரிது. ஆயினும், மின்சாரம் வந்த அளவிற்கு அதைப் பற்றிய அறிவும் வந்துவிட்டதென்று கூற இயலாது. ஓர் உதாரணம் போதும். இரவில் விளக்குகள் திடீரென அணைகின்றன. வீட்டுக்காரர் பீஸ் கட்டையைக் கழற்றிப் பார்க்கிறார்; கம்பி உருகியிருக்கிறது. கடை மூடிய நேரம். பழைய ஒயர் ஒன்றைச் சீவி, அதன் செம்பு இழைகளை முறுக்கிக் கட்டிவிடுகிறார். விளக்கு எரிகிறது. ஆனால் அன்று முதல் அவ்வீட்டிற்குக் காவல் இல்லை.

உருகியின் வேலை

உருகிக் கம்பி, மின்சாரம் செல்லும் வழியில் வேண்டுமென்றே வைக்கப்பட்ட மெலிந்த இடமாகும். அளவிற்கு மேல் மின்சாரம் பாய்ந்தால், சுவரிலுள்ள ஒயர் எரியுமுன் இது உருகி ஓட்டத்தை நிறுத்துகிறது. தடித்த கம்பியைக் கட்டினால் இது உருகாது, ஒயரே தீப்பற்றும். கீற்றுக் கூரை வேய்ந்த வீட்டில் அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

அளவு காணும் முறை

சாதனத்தின் மேல் குறித்துள்ள வாட் எண்ணை 230 ஆல் வகுத்தால், அது இழுக்கும் ஆம்பியர் கிடைக்கும். 10 வாட் விளக்குகள் நான்கும், 75 வாட் மின்விசிறிகள் இரண்டும், 100 வாட் தொலைக்காட்சியும் சேர்ந்து 290 வாட், அதாவது 1.3 ஆம்பியருக்கும் குறைவு. இவ்வழிக்கு 5 ஆம்பியர் உருகி போதும். 2000 வாட் வெந்நீர்ச் சாதனமோ ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். அதற்குத் தடித்த ஒயருடன் கூடிய தனி வழியும், 15 ஆம்பியர் உருகியும் வேண்டும்.

ஈயம் பூசிய செம்புக் கம்பியில் 5 ஆம்பியருக்கு 0.2 மில்லிமீட்டர், 10 ஆம்பியருக்கு 0.35, 15 ஆம்பியருக்கு 0.5 மில்லிமீட்டர் தடிமன் உரியது. கண்ணுக்குச் சிறு வேறுபாடுதான். தாங்கும் அளவோ மும்மடங்கு. ஆகவே கண்ணளவை நம்பலாகாது. அட்டையில் அச்சிட்ட ஆம்பியர் எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும்.

எம்.சி.பி. உள்ள வீடுகள்

பல வீடுகளில் இப்போது உருகிக்குப் பதிலாக எம்.சி.பி. எனும் தானியங்கிச் சுவிட்சு உள்ளது. பழுதானால் பழையதையே கடைக்கு எடுத்துச் சென்று, அதே எழுத்தும் எண்ணும் கொண்டதை, ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன் வாங்குக. ‘சி 16’ என்பதில் 16 ஆம்பியர் அளவு. ‘சி’ என்பது, மோட்டார் கிளம்பும்போது சற்று நேரம் மிகுதியாக இழுக்கும் மின்சாரத்தைப் பொறுக்கும் வகை. அடிக்கடி விழுகிறதென்று 16க்குப் பதில் 32 பொருத்துவதும், முறுக்கிய இழையைக் கட்டுவதும் ஒரே தவறே.

கவனிக்க வேண்டியவை

1. மெயின் சுவிட்சை அணைத்த பின்னரே பீஸ் கட்டையைத் தொடுக. கையும் தரையும் ஈரமின்றி இருத்தல் அவசியம்.

2. மாற்றிய கம்பி மீண்டும் உருகினால், மறுபடி கட்டாதீர்கள். உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்துக் காரணத்தைக் காண்க.

3. மீட்டருக்கு முன்னுள்ள உருகி மின்வாரியத்தைச் சேர்ந்தது. அதைத் தொடாது வாரியத்திற்குத் தெரிவிக்க வேண்டும்.

4. உரிய அளவுள்ள உருகிக் கம்பி அட்டை ஒன்றையும் ஒரு கைவிளக்கையும் மெயின் பலகையருகே எப்போதும் வைத்திருங்கள்.

கடைசியாகச் சொன்னது மிகச் சிறு செலவு. ஆனால் இரவில் கைக்கு அகப்பட்டதைக் கட்டும் பழக்கத்தை ஒழிக்க இதைவிட எளிய வழி வேறில்லை.