புது லேப்டாப்பா? முதல்ல பரணைப் பாருங்க

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிஃப்ட் போற அப்பாகிட்ட “வீட்டுக்கு ஒரு லேப்டாப் வேணும்”னு கேட்குறதுக்கு முன்னாடி, ஒரு தடவை பரணைப் பாருங்க. அக்காவோ அண்ணனோ பிளஸ் டூவில் வாங்கிய அரசு லேப்டாப் அங்கே தூங்கிட்டு இருக்கலாம்.

2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் ஆரம்ப மாடல்களில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். பிறகு வந்தவற்றில் ரேம் 4 ஜிபி ஆனது. ஆன் ஆகவே அஞ்சு நிமிஷம் ஆகுதுன்னா, பெரும்பாலும் காரணம் ஹார்டு டிஸ்க்தான். உள்ளே தட்டு சுத்தி, முனை நகர்ந்து தேடணும். எஸ்எஸ்டியில் அசையுற பாகமே கிடையாது. 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி அதே இடத்துல கச்சிதமா உட்காரும். பழைய போட்டோக்களை முதல்ல காப்பி எடுத்துடுங்க, அம்மாகிட்ட திட்டு வாங்காம இருக்க.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. விண்டோஸ் 11 இந்தப் பழசுல முறைப்படி ஏறாது. ரேமை 4 ஜிபி ஆக்கிட்டு லினக்ஸ் மின்ட் போடுங்க. கரண்ட் பில், யூடியூப், தம்பியோட அசைன்மென்ட், எல்லாத்துக்கும் போதும்.

வாங்கியே ஆகணும்னா, “64 ஜிபி இஎம்எம்சி”ன்னு இருந்தா நகர்ந்துடுங்க. விண்டோஸ் 11 கேட்குற குறைந்தபட்ச இடமே 64 ஜிபி. அந்த சிப் போர்டோட பற்றவச்சது, மாத்த முடியாது. 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி இருந்தா போதும்.

ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்ட் பார்க்குறீங்களா? ஐ5 ஸ்டிக்கரைப் பார்த்து மயங்காதீங்க, இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழேன்னா விண்டோஸ் 11 கிடையாது. சார்ஜரைக் கழட்டிட்டு இருபது நிமிஷம் வீடியோ ஓடவிடுங்க. கடைக்காரர் முறைச்சாலும் பரவாயில்லை.