கடல் கடந்த தொண்டு

விடுமுறைக் காலத்தில் அயல்நாடு சென்று, ஆங்குள்ள அகதிகளுக்கும் பிழைப்புத் தேடி வந்தோர்க்கும் தொண்டு செய்ய விரும்பும் மாணவர் இன்று பலர். விருப்பம் நன்று. ஆயினும், அங்ஙனம் செல்வோன் முதற்கண் கற்க வேண்டுவது யாது என்னும் வினா ஒன்றுளது. நம் நாட்டவரே அயல்நாட்டில் துயருற்ற காலத்தில், அவர்பொருட்டுக் கடல் கடந்து சென்ற ஒருவரின் வரலாறு இதற்கு விடை தரும்.

முன்னதாக ஒரு வேறுபாட்டை அறிதல் வேண்டும். தன் நாட்டில் உயிருக்கு அஞ்சி ஓடி வந்தவன் அகதி. கூலி கருதி வந்தவன் புலம்பெயர்ந்த தொழிலாளி. முன்னவனைப் பற்றி 1951-ஆம் ஆண்டில் ஜெனீவாவில் செய்யப்பெற்ற உலக உடன்படிக்கை ஒன்றுண்டு. இந்தியா அதில் கையொப்பமிடவில்லை. சட்டம் இவ்விருவரையும் வெவ்வேறாக நோக்கினும், மொழியறியா ஊரில் தன் குறையைக் கேட்பார் இன்றி நிற்றல் இருவர்க்கும் பொதுவாகும்.

நிற்க. 1879 முதல் 1916 வரை பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு 60,000-க்கு மேற்பட்ட இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்தினின்றும் கப்பல்கள் சென்றன. வட ஆற்காடு முதலிய மாவட்டத்தார் பலர் அவற்றில் ஏறினர். ஒப்பந்தம் ஐந்தாண்டுக்குரியது. நாளொன்றுக்கு ஆணுக்கு ஒரு ஷில்லிங்கும், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸும் கூலி என்று எழுதப்பட்டிருந்தது. ஆயினும் அளந்து கொடுத்த வேலை முடியாவிடின் கூலி குறையும்; வேலைக்கு வாராவிடின் வழக்கு மன்றத்தில் தண்டனை கிடைக்கும். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்பதே ஆள் சேர்ப்பின் விதி. இதனால் விளைந்த கேடுகள் சொல்லுந்தரமல்ல. அப்பெண்களின் துயரை நம் பாரதியாரும் பாடியுள்ளார்.

1913-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் மக்நீல், சிம்மன்லால் என்னும் இருவரைப் பிஜி முதலிய குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பி விசாரித்தது. குறைகளை அவர்கள் கண்டனர். எனினும் நன்மையே மிகுதி, முறை நீடிக்கலாம் என்று முடிவு கூறினர். இரண்டாண்டு கழித்து வேறிருவர் அதே தீவுக்குச் சென்றனர். ஒருவர் 1904 முதல் டில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் ஆசிரியராயிருந்த சி. எப். ஆண்ட்ரூஸ், மற்றவர் அவர் நண்பர் டபிள்யூ. டபிள்யூ. பியர்சன். கோகலேயின் தூண்டுதலால் 1914-இல் தென்னாப்பிரிக்கா சென்று காந்தியடிகளைக் கண்டவர்களும் இவ்விருவரே. பிஜிக்கு அவர்களை எந்த அரசாங்கமும் அனுப்பவில்லை. தோட்டத்துக் குடியிருப்பு வரிசைகளுக்குச் சென்று கூலியாட்களின் வாய்மொழியைக் கேட்டு, 1916-இல் அறிக்கை வெளியிட்டனர். இம்முறையைச் செப்பனிட இயலாது, ஒழித்தலே தக்கது என்பது அவர்கள் முடிவு.

கண்ட தீவு ஒன்றே. முடிவு மட்டும் வேறாயிற்று. ஏன்? முன்னவர் வரவுசெலவு பார்ப்பவர்போல் நன்மை தீமைகளை நிறுத்தனர். பின்னவரோ அவ்வாழ்வை வாழ்பவன் என்ன சொல்லுகின்றான் என்று வினவினர். அரிசியும் துணியும் கொண்டு செல்லாத அவ்விருவரும் செய்த முதல் தொண்டு, கேட்டதை உள்ளவாறு எழுதியதே.

1916 மார்ச்சில் மாளவியா சட்டசபையில் கொணர்ந்த தீர்மானத்தை அரசாங்கம் ஏற்றது. 1917-இல் ஆள் சேர்ப்பு நின்றது. 1920 ஜனவரி முதல் நாள் எஞ்சிய ஒப்பந்தங்களும் நீக்கப்பட்டன. இஃது அவ்விருவரால் மட்டும் நேர்ந்ததன்று. 1893-இல் கூலியாகச் சென்று, இருபத்தோராண்டு பிஜியில் வாழ்ந்து திரும்பிய தோதாராம் ஸநாட்யர் ஹிந்தியில் எழுதிய நூல் முன்னரே மக்களை எழுப்பியிருந்தது. துயருற்றவன் ஊமையல்லன், அவன் குரலுக்குத் துணை சேர்ப்பதே அயலான் செய்யத்தக்கது.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. ஆண்ட்ரூஸ் ஒருமுறை சென்று மீண்டதோடு அமையவில்லை. 1917-இல் மறுபடியும் பிஜி சென்றார். ஆஸ்திரேலிய மாதர் சங்கத்தாரிடம் அங்குள்ள இந்தியப் பெண்களின் நிலையை எடுத்துரைத்தார். அதன் பயனாக, கல்கத்தாவில் பணியாற்றியிருந்த பிளாரன்ஸ் கார்ன்ஹாம் என்னும் அம்மையார் 1918-இல் பிஜி சென்று அறிக்கை எழுதினார். ஆடவனிடம் சொல்லக் கூசுவதைப் பெண் பெண்ணிடமே சொல்லுவாள் அன்றோ? தன்னால் இயலாததை இயன்றவரிடம் ஒப்படைத்தலும் தொண்டின் ஒரு கூறாகும்.

நம் மாநிலத்திலும் இதற்குச் சான்றுண்டு. 1983-க்குப் பின் இலங்கையினின்றும் வந்த தமிழ் அகதிகள், பிறர் உதவியை மட்டும் எதிர்நோக்கி இராமல், 1984-இல் எஸ். சி. சந்திரஹாசன் தலைமையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை அமைத்தனர். முகாம்களில் கல்விப் பணியும் நலப்பணியும் அகதிகளாலேயே நடைபெற்றன. இத்தகைய இடத்திற்குச் செல்லும் அயல்நாட்டுத் தொண்டன், அவர் வேலையைத் தான் பறித்துக்கொள்ளாது, அவர் கேட்ட வேலையைச் செய்வானாயின் வரவேற்கப்படுவான். இரு வாரம் தங்கிக் குழந்தைகளோடு படம் பிடித்துத் திரும்புவானாயின், அவன் பயணத்துக்கு ஆன பொருளை அனுப்பியிருந்தாலே நலமாயிருக்கும்.

மாணவ நண்பர்களே! கடல் கடக்குமுன் இக்கல்வியைப் பயில நமக்கு இடம் அருகிலேயே உளது. வடபழனியில் ஆற்காடு சாலையும் நூறடிச் சாலையும் கூடுமிடத்தில் காலைப்பொழுதில் சிறிது நேரம் நின்று பாருங்கள். கட்டட வேலைக்கும் உணவு விடுதி வேலைக்கும் வடநாட்டினின்று வந்தோர் செல்வர். அவருள் ஒருவரிடம் எத்தனை பேர் ஊரும் பேரும் கேட்டிருக்கின்றோம்? ஒப்பிய கூலி முழுதும் கைக்கு வருகின்றதா, நோயுற்றால் எங்கே செல்கின்றார், அவர் பிள்ளை எம்மொழியில் படிக்கின்றது என்று வினவியதுண்டா? ஓராண்டு அவர் மொழியிற் சிறிது கற்று, அவர் சொல்வதைப் பொறுமையோடு கேட்டு எழுதிப் பழகியவன் எந்நாட்டுக்குச் சென்றாலும் பயன்படுவான்.

ஆற்காட்டு மண்ணினின்று பிஜிக்குச் சென்ற நம் முன்னோரை ஒரு கல்லூரி ஆசிரியர் தேடிச் சென்று கேட்டார். நம் தெருவுக்கு வந்தோரை நாம் கேளாதிருத்தல் முறையாகுமா?